மூன்று நாளைக்கு ஒரு ஃபீவர்

போன வாரம் என் மருமகள் பேத்திக்கு லீவு சொன்னாள். சொன்னாள் என்றால் வாயைத் திறந்து சொல்லவில்லை. செல்போனை எடுத்தாள், பள்ளிக்கூடத்து ஆப்பைத் திறந்தாள், காரணம் கேட்ட இடத்தில் வரிசையாக நின்ற சொற்களில் முதலாவதைத் தொட்டாள். ஃபீவர். அவ்வளவுதான், தீர்த்தமலைக்கு மொட்டை போடக் கிளம்பிவிட்டோம். ஜுரக்காரி பின் சீட்டில் முறுக்கைக் கடித்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தேன். "என்னாச்சுங்க அத்தை?" என்றாள் மருமகள். அவளிடம் சொல்லிப் புரியவைக்கப் பொழுது போதாது. உங்களிடம் சொல்லலாம். நீங்களெல்லாம் என் வயதுக்காரர்கள், அந்த லெட்டரை எழுதியவர்கள்.

எந்த லெட்டர் என்று கேட்காதீர்கள். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று நான் ஆரம்பித்தால் மீதியை நீங்களே முடித்துவிடுவீர்கள். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சொல்வோம். பாலக்கோட்டுக்கு மேற்கே எங்கள் ஊர். இரண்டு மைல் நடந்தால் எட்டாவது வரைக்கும் இருந்த பள்ளிக்கூடம். ஆறாவது சேர்ந்த முதல் வாரமே இங்கிலீஷ் சார் அந்த லெட்டரைப் போர்டில் எழுதிப் போட்டார். "நோட்டுல எழுதிக்கோங்க. லீவு எடுத்தா இதப் பாத்து எழுதி, அப்பாகிட்டக் கையெழுத்து வாங்கியாங்க" என்றார். வேறு லெட்டர் அவரும் எழுதிப்போடவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஃபீவர் என்றால் காய்ச்சல் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அகராதியில் அதுதான் பொருள். எங்கள் லெட்டரில் அதற்கு "நான் வரவில்லை" என்பதுதான் பொருள். மாடு கன்று போட்டால் ஃபீவர். அத்தை வீட்டு வளைகாப்புக்கு ஃபீவர். மாரியம்மன் பண்டிகை அன்றைக்கு வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரே நேரத்தில் ஃபீவர் வந்து மறுநாள் ஒரே நேரத்தில் இறங்கும். புளியமரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்ட ஒருத்தன், மாவுக்கட்டோடு வந்து நின்று ஃபீவர் என்று லெட்டர் நீட்டினான். சார் அதையும் வாங்கிப் படிக்காமல் சுவரில் தொங்கிய கம்பியில் குத்தினார். அந்தக் கம்பி நிறைய எங்கள் காய்ச்சல்கள் தொங்கிக்கொண்டிருக்கும். காற்றடித்தால் படபடவென்று சத்தம் போடும்.

நான் ஏழாவது படித்த வருஷம் அப்பா கிணற்றடிக் காட்டில் முதன்முதலாகத் தக்காளி வைத்தார். அதுவரைக்கும் ராகியும் நிலக்கடலையும்தான். தக்காளி பழுக்க ஆரம்பித்துவிட்டால் ஒருத்தரையும் சும்மா இருக்க விடாது. மூன்று நாளைக்கு ஒரு பறிப்பு. நான்காவது நாள் என்று விட்டால் பழம் முற்றிப்போய்விடும், பாலக்கோட்டு மண்டியில் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார்கள். கூலிக்கு ஆள் வைக்க வழியில்லை. அப்பா, அம்மா, அக்கா, நான். நாலு பேரும் இறங்கினால்தான் மத்தியான வண்டிக்குள் பெட்டி நிறையும்.

தக்காளி பறித்தவர்களுக்குத் தெரியும், செடி கையில் என்ன செய்யும் என்று. முதலில் பச்சையாய் ஒட்டும். பிறகு கறுத்துப் பிசுபிசுக்கும். சோப்புப் போட்டால் போகாது. தண்ணீரில் நனைத்தால் மஞ்சள் மஞ்சளாக நுரைத்து வரும். உடைந்த பழம் ஒன்றை எடுத்துக் கையில் அரக்கித் தேய்த்தால்தான் கொஞ்சம் விடும். அப்போதும் விரல் இடுக்கில் மஞ்சள் நிற்கும். வாசமும் நிற்கும். கசப்பும் காரமுமாக ஒரு வாசம். எத்தனை வருஷமானாலும் எனக்கு மூக்கில் அப்படியே இருக்கிறது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட மூன்று வயது மூத்தவள். என்னைவிட மூன்று மடங்கு படிப்பாளி. அவளை ஆறாவது பாதியில் நிறுத்திவிட்டார்கள். கடலை பிடுங்கும் காலத்தில் ஒரு மாதம் போல அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. ஒரு நாள் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். திரும்பி வந்து கிணற்றுப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து, "இனிமே அவ போவ வேணாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்றிலிருந்து அக்கா அப்பாவிடம் பேசுவதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கிட்டத்தட்ட நாலு வருஷம்! "களி ஆறுதுன்னு அவருகிட்டச் சொல்லும்மா" என்பாள், அவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பார். அவரும் "தண்ணி வேணும்னு சொல்லு" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா இருவருக்கும் நடுவில் தபால்காரியாய் அலைந்தாள்.

அதனால் எனக்கு ஒரே பயம். பள்ளிக்கூடத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினால் என் படிப்பும் அன்றோடு சரி. அப்பா வெள்ளைச் சட்டையை எடுக்கக் கூடாது. அதற்கு நான் கண்டுபிடித்த காவல், ஒழுங்காக லெட்டர் கொடுப்பது. பறிப்பு நாளில் காலையிலேயே எழுதி, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பிவிடுவேன். அப்பா மூன்றாவது வரை படித்தவர். தமிழை எழுத்துக் கூட்டி எழுதுவார், இங்கிலீஷ் தெரியாது. கையெழுத்துப் போடும்முன் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"என்னா எழுதியிருக்கற?"

"லீவு வேணும்னுப்பா."

"தக்காளி பறிக்கன்னு போட்டியா?"

"போட்டிருக்கறேன்ப்பா."

பொய்தான். தக்காளி பறிப்பதை அந்த லெட்டரில் எந்த இடத்தில் எப்படிச் சொருகுவது என்று எனக்குத் தெரியாது. அவர் தலையை ஆட்டிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பேரைத் தமிழில் மெதுவாக எழுதுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது இங்கிலீஷ் சாருக்கு மாற்றல் வந்தது. அவர் இடத்துக்கு ஒரு டீச்சர் வந்தார். கடற்கரைப் பக்கத்து ஊர். தக்காளியைக் கூடையில் பார்த்திருப்பாரே தவிரச் செடியில் பார்த்ததில்லை. வந்த இரண்டாவது நாளே அந்தக் கம்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்து ஒவ்வொரு லெட்டராகப் படிக்க ஆரம்பித்தார். எங்களுக்குச் சிரிப்பு. லெட்டரைப் போய் யாராவது படிப்பார்களா?

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் என் லெட்டர்கள் மட்டும் தனியாக ஒன்பது இருந்தன. தேதி வாரியாக அடுக்கியிருந்தார். திங்கள், வியாழன், அடுத்த புதன், சனி. ஞாயிறு மட்டும் விட்டுப்போயிருக்கும், மற்றபடி மூன்று நாளைக்கு ஒன்று, தப்பாமல்.

"கையைக் காட்டு" என்றார். காட்டினேன். விரலெல்லாம் மஞ்சள். அவர் முகம் மாறிவிட்டது. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"காய்ச்சல் வரும்போது குளிர் எடுக்குமா?"

இல்லை என்றால் லெட்டர் பொய் என்றாகிவிடும். "எடுக்கும் டீச்சர்."

"உடம்பு தூக்கித் தூக்கிப் போடுமா?"

"போடும் டீச்சர்."

"அப்புறம் நல்லா வேர்த்து விட்டுடுமா?"

இதற்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். "ரொம்ப வேர்க்கும் டீச்சர்."

டீச்சர் லெட்டர்களைத் திரும்ப அடுக்கி வைத்தார். பிறகு, "என் தம்பிக்கும் இப்படித்தான் முறை வச்சு வந்தது. மலேரியான்னு நாங்க கண்டுபிடிக்கறதுக்குள்ள போயிட்டான்" என்றார். "உங்க அப்பாவை நாளைக்கு வரச் சொல்லு."

அப்பா ஊரில் இல்லை என்று அடுத்த பொய்யைச் சொன்னேன். ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டால் அது ஒன்பது குட்டி போடும் என்று அம்மா சொல்வது சரிதான்.

வீட்டில் வாய் திறக்கவில்லை. சொன்னால் அப்பா வெள்ளைச் சட்டையை எடுப்பார். அன்றிரவு என் கையையே மோந்து மோந்து பார்த்தேன். ஒருவேளை எனக்கு நிஜமாகவே ஏதோ வியாதி இருந்து, அது எனக்கே தெரியவில்லையோ என்றுகூட நினைத்தேன். டீச்சருக்குத் தெரியாததா?

அடுத்த பறிப்பு நாள் வந்தது. வேறு வழி தெரியாமல் பத்தாவது லெட்டரை எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

பத்து மணி இருக்கும். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் வந்துகொண்டிருக்கிறேன். எதிரே, வண்டிப் பாதையில், குடையைப் பிடித்துக்கொண்டு டீச்சர் வருகிறார். பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மலேரியாக்காரர். வீட்டுக்கு வீடு மருந்தடித்துச் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவாரே, அவரேதான். காய்ச்சல் ஏறியிருக்கும்போதே இரத்தம் எடுக்க வேண்டும் என்று டீச்சர் அவரைக் கையோடு கூட்டி வந்திருக்கிறார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. கூடையை இறக்கிவைத்துவிட்டு, தக்காளிச் செடிகளுக்கு நடுவில் ஈரப் பாத்தியிலேயே படுத்துக்கொண்டு நடுங்க ஆரம்பித்தேன். பல்லைக் கடகடவென்று அடித்தேன். அந்த வெயிலில்!

"ஐயோ, ஐயோ" என்று டீச்சர் குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அம்மா ஒரு பக்கமிருந்து ஓடிவந்தாள். அப்பா பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவர் சுத்தியலோடு வந்தார். "என்னாடி ஆச்சு? பாம்பு கீது கடிச்சிருச்சா?" என்று அக்கா கத்தினாள். மலேரியாக்காரர் மட்டும் நிதானமாக உட்கார்ந்து, என் கையைப் பிடித்து, விரல் நுனியில் ஊசியால் குத்தி, கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு எடுத்துக்கொண்டார். எடுத்தவர் கையை விடவில்லை. மூக்குக்கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"ஏம் பாப்பா, எத்தன நாளைக்கு ஒருக்காப் பழம் எடுக்கறீங்க?"

நான் நடுங்குவதை நிறுத்தவில்லை. அப்பாதான் பதில் சொன்னார். "மூணு நாளைக்கு ஒருக்காங்க. ஏனுங்க?"

மலேரியாக்காரர் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். "அம்மா, இந்த ஜொரம் எங்க வூட்லயும் இருக்குதுங்க. நாங்களும் தக்காளிதான் வச்சிருக்கறோம்" என்றார். தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதுவும் மஞ்சள்.

டீச்சர் என் நெற்றியைத் தொட்டார், கழுத்தைத் தொட்டார். பாத்தி ஈரத்தில் சில்லென்று இருந்தேன். "உனக்கு ஒண்ணும் இல்லையா? நிஜமா ஒண்ணும் இல்லையா?" என்றார். நான் எழுந்து உட்கார்ந்து, இல்லை என்று தலையாட்டினேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தால், டீச்சர் வரப்பிலேயே சேலை மண்ணாவது தெரியாமல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "அப்பாடா, அப்பாடா" என்று இரண்டு தடவை சொன்னார்.

அப்பாவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. டீச்சர் கைப்பையிலிருந்து லெட்டர்களை எடுத்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். எல்லாம் ஒன்றுதானே. மூன்றாவதிலேயே அப்பா கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"நல்லாருக்கற புள்ளைக்கு ஜொரம்னு எழுதி, அதுல நானு கையெழுத்துப் போட்டிருக்கறனா?"

லெட்டர் பொய் என்பதைவிட, தன் பேரைத் தன் பிள்ளையின் காய்ச்சலுக்குக் கீழே எழுதிவிட்டோமே என்பதுதான் அவரை உலுக்கிவிட்டது. சொன்னால் பலித்துவிடும் என்று நம்புகிற ஊர் எங்களுடையது. அம்மா அந்த இடத்திலேயே ஒரு பிடி மண்ணை எடுத்து என்னை மூன்று சுற்றுச் சுற்றித் தூ தூ என்று துப்பிப் போட்டாள். சாயங்காலம் தனியாக உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள்.

கிளம்பும்போது டீச்சர் அப்பாவிடம் ஒன்று சொன்னார். "வராத நாள் ரொம்ப ஆயிடுச்சுங்க. இப்படியே போனா பேரை எடுத்துடுவாங்க. என்னால தடுக்க முடியாது."

அப்பா தலைத்துண்டை அவிழ்த்து மடித்தார். போய்க் கிணற்றுப் படியில் உட்கார்ந்தார். அந்த உட்காரல் எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். "உனக்கும் முடிஞ்சுதுடி" என்று என் காதோரம் சொன்னாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

மறுநாள் காலையில் என் பையை ஆணியிலிருந்து அப்பாவே எடுத்தார். பரணில் போடப்போகிறார் என்று நினைத்தேன். என் தோளில் மாட்டிவிட்டு, "போ, மணி அடிச்சுடப் போவுது" என்றார். பறிப்புக்கு என்ன செய்தார் என்றால், பக்கத்துக் காட்டுக்காரரிடம் போய்ப் பேசினார். எங்கள் பறிப்புக்கு அவர் வீட்டு ஆள், அவர் பறிப்புக்கு எங்கள் ஆள். என் பங்குக்கும் சேர்த்து அப்பாவும் அம்மாவும் அக்காவும்தான் போனார்கள். அக்கா ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அன்றைக்கு நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன்.

இரத்தச் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. டீச்சர் அதை வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னார். மாவுக்கட்டுக்காரன் கை தட்டினான்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அம்மா பயந்தது நடந்தது. ஐப்பசி மழையில் நனைந்து எனக்கு நிஜமாகவே ஜுரம் வந்துவிட்டது. அனலாய்க் கொதிக்கிறது. நான் பள்ளிக்கூடம் போயே தீருவேன் என்று அடம்பிடிக்கிறேன். ஃபீவர் என்று எழுதினால் இனி யார் நம்புவார்கள்? பேரை எடுத்துவிட்டால்? அம்மா என்னைப் பாயில் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பா என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். வாசற்படியில் குந்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் எழுதினார். மடித்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தார்.

நாலு நாள் கழித்துப் போனேன். பேர் இருந்தது. வருகைப் பதிவில் என் பேரைக் கூப்பிட்டபோது "உள்ளேன் டீச்சர்" என்று நான் போட்ட சத்தத்தில் வகுப்பே சிரித்தது. மத்தியானம் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அந்தத் தாளை நீட்டினார். "படிச்சுட்டுக் குடு. இது என்கிட்டத்தான் இருக்கணும்" என்றார். அந்தத் தாள் இப்போது எங்கே இருக்கிறதோ. ஆனால் ஒரு எழுத்து மறக்கவில்லை.

"டீச்சரம்மாவுக்கு வணக்கம். என் சின்னப் பொண்ணுக்கு நெசமாவே ஜொரம். இன்னிக்குப் பறிப்பு இல்லை, நாளைக்குத்தான். வேணும்னா வந்து கையை மோந்து பாருங்க. பெரியவ வராதப்ப லெட்டர் குடுக்கணும்னு எனக்குத் தெரியாது. பேரை எடுத்துட்டாங்க. நான் போய்க் கேட்டேன், கெஞ்சினேன், சேத்துக்க மாட்டேன்னுட்டாங்க. வூட்ல சொல்ல எனக்கு வாய் வரலை. இவ பேரையும் எடுத்துடாதீங்க."

சாயங்காலம் இரண்டு மைலும் ஓட்டம்தான். அக்கா மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க அப்படியே ஒப்பித்தேன். கையைத் தொட்டிக்குள் வைத்தபடி நின்றாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன்.

"கெஞ்சினேன்னா எழுதியிருந்துச்சு? நெசமாவா?"

"நெசமாத்தான்க்கா."

மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னாள். பிறகு முகத்தைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

விளக்கு வைத்ததும் அப்பா காட்டிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா வழக்கம்போல அக்கா பக்கம் திரும்பிக் காத்திருந்தாள், தபாலை வாங்கிக் கொடுக்க. அக்கா களித்தட்டை எடுத்துக்கொண்டு அம்மாவைத் தாண்டிப் போனாள். அவர் முன்னால் வைத்தாள்.

"அப்பா, களி ஆறுது. சாப்புடு."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிக்கூடப் பார்த்தார்.

"நீயும் தட்டு எடுத்துக்கிட்டு வா, சாமி" என்றார்.